நிழலுக்கு உகந்த செடிகள்: ஏற்காட்டிலிருந்து காவிரிக் கரை வரை

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் சாலையில் கொண்டையூசி வளைவுகள் 20 இருக்கின்றன. முதல் சில வளைவுகளைக் கடக்கும்வரை வெயிலும் நம்முடனேயே வருகின்றது. பாறைகளும் முட்புதர்களும் மூங்கிலும் இருமருங்கும் நிற்கின்றன. மேலே ஏற ஏற மரங்கள் உயர்கின்றன. கிளைகள் சாலையின் மேல் கவிகின்றன. பேருந்தின் சன்னல் வழியே குளிர்ந்த காற்று வீசுகின்றது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஊரை அடையும்போது, அடிவாரத்தில் நம்மை வாட்டிய வெப்பம் மறந்தே போகின்றது. ஏரியும் காடும் சேர்ந்திருப்பதால் ஏற்காடு என்னும் பெயர் வந்ததாகச் சொல்வர்.

இங்கே வருவோர் ஏரியில் படகு விடுவர். சேர்வராயன் மலையுச்சிக்குச் செல்வர். 1917ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மான்ட்போர்ட் பள்ளியைச் சாலையிலிருந்து கண்டு மகிழ்வர். நாம் சென்றதன் நோக்கம் வேறு. நம் பங்குகளிலுள்ள குடும்பங்கள் பலவும் அண்மைக் காலமாக ஒரே குறையைச் சொல்லி வருகின்றன. மனைகள் சுருங்கிவிட்டன. அடுத்த வீட்டு மாடி உயர்ந்து நம் முற்றத்து வெயிலை மறைக்கின்றது. கொல்லைப்புறத்திலோ பாட்டனார் வைத்த மரம் குடை விரித்து நிற்கின்றது. ரோஜா வைத்தால் பூப்பதில்லை. மல்லிகை வைத்தால் கொடி மட்டும் நீள்கின்றது. வீட்டில் இருப்போர் முதியவர்கள்; நாள்தோறும் நீர் சுமந்து ஊற்ற உடலில் வலுவில்லை. இந்நிலையில், "மரத்தை வெட்டிவிட்டால் என்ன?" என்னும் எண்ணம் எழுகின்றது.

மரத்தை வெட்டாமலும், மிகுந்த உழைப்பை வேண்டாமலும், நிழலிலேயே ஒரு தோட்டம் அமைக்க இயலுமா? இதற்கு விடை தேடியே இப்பயணத்தை மேற்கொண்டோம். நிழலில் பயிர் செய்து பிழைப்போரிடம் கேட்பதைவிடச் சிறந்த வழி வேறு இல்லை அல்லவா?

காப்பித் தோட்டத்தில் கண்டது

1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார் என்பது வரலாறு. இன்றும் ஏற்காட்டின் சரிவுகளில் காப்பியே முதன்மையான பயிர். ஆனால் தோட்டத்துள் நுழைந்தவுடன் முதலில் கண்ணில் படுவது காப்பிச் செடி அன்று, மரங்களே. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரங்கள் நெடிது வளர்ந்து நிற்கின்றன. இடையிடையே பலா மரங்கள். அவற்றின் அடிமரத்தைத் தழுவி மிளகுக் கொடிகள் ஏறுகின்றன. இத்தனைக்கும் கீழே, ஆள் உயரத்தில், கரும்பச்சை இலைகளுடன் காப்பிச் செடிகள் வரிசையாக நிற்கின்றன.

அரபிகா காப்பியின் பிறப்பிடம் எத்தியோப்பிய நாட்டு மலைக்காடுகள். அங்கே பெருமரங்களின் அடியில் வளர்ந்த இனம் அது. ஆகவே நிழல் அதற்கு ஒரு குறை அன்று. பிறந்த வீடு போன்றது. நிழலே இல்லாமல் கடும் வெயிலில் வைத்தால், செடி தன் வலிமைக்கு மீறிக் காய்த்து, தளர்ந்து, கிளை நுனிகள் பட்டுப்போகும். மரநிழலோ மண்ணின் சூட்டைத் தணிக்கின்றது. உதிரும் இலைகள் மண்ணின் ஈரத்தைக் காத்து, பின்னர் மட்கி உரமாகின்றன.

அத்தோட்டத்தில் பல்லாண்டுகளாக வேலை செய்துவரும் மூதாட்டி ஒருவரிடம், "எவ்வளவு நிழல் வேண்டும் அம்மா?" என்று வினவினோம். அவர் தரையைச் சுட்டிக்காட்டி, "நிழலுன்னா இருட்டு இல்லீங்க ஐயா. உச்சி வேளையிலே தரையிலே காசு காசா வெயில் விழணும். அப்படி விழுந்தாத்தான் செடிக்கு நல்லது" என்றார். மழைக்காலத்திற்கு முன்னர் நிழல் மரங்களின் கிளைகளைக் கவாத்து செய்து ஒளியை உள்ளே விடுவதும், கோடையில் நிழல் அடர்ந்திருக்குமாறு விட்டுவைப்பதும் அவர்களது வழக்கம். மரத்தை வெட்டுவதற்கும் கிளையைக் கழிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே நாம் நன்கு உணர்ந்தோம். இது முதற் பாடம்.

மலைச்செடி சமவெளிக்கு ஆகுமா?

அடுத்து, இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963ஆம் ஆண்டு முதல் ஏற்காட்டில் நடத்திவரும் ஆர்க்கிட் தோட்டத்தைக் கண்டோம். மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளரும் ஆர்க்கிட் வகைகளைக் காண வியப்பாக இருந்தது. இவை ஒட்டுண்ணிகள் அல்ல. மரத்தின் சாற்றை இவை உறிஞ்சுவதில்லை; இடம் மட்டுமே கேட்கின்றன. காற்றின் ஈரத்தையும், பட்டையில் வழியும் மழைநீரையும் கொண்டு வாழ்கின்றன. அருகிலேயே பெரணிச் செடிகள் ஈரப் பாறைகளின் இடுக்கில் தழைத்திருந்தன.

இவற்றைக் கண்டு மனம் மயங்குவது இயல்பே. அதனாற்றான் மலையிலிருந்து திரும்புவோர் பலர் சாலையோர நாற்றுப்பண்ணைகளில் பெகோனியா, ஹைட்ராஞ்சியா போன்ற செடிகளை ஆசையோடு வாங்கிச் செல்கின்றனர். ஆனால் சமவெளியின் பங்குனி, சித்திரை வெப்பத்தில் அவற்றுள் பெரும்பாலானவை வாடிவிடுகின்றன. நிழலில் வைத்தோமே, ஏன் வாடின என்று கேட்பர். நிழல் ஒன்று, குளிர்ச்சி மற்றொன்று. மலைச்செடிக்கு வேண்டுவது நிழல் மட்டுமன்று, குளிர்ந்த இரவும் ஈரக்காற்றும் ஆகும். சேலத்திலும் திருச்சியிலும் அவற்றை நாம் எங்கிருந்து தருவது? எனவே சமவெளியின் நிழலுக்குச் சமவெளியின் வெப்பத்தைத் தாங்கும் செடிகளையே தேட வேண்டும். இது இரண்டாம் பாடம்.

அகத்தி நிழலில் வெற்றிலை

மலையை விட்டிறங்கி, நாமக்கல் வழியாகக் காவிரிக் கரையிலுள்ள பரமத்தி வேலூரை அடைந்தோம். வெற்றிலைக்கும் வாழைக்கும் பெயர்பெற்ற ஊர் இது. வெற்றிலைக் கொடிக்கால் என்பது தமிழர் தம் கைகளால் உண்டாக்கிய நிழல் தோட்டம். முதலில் அகத்தி விதையைப் பாத்திகளில் நெருக்கமாக விதைக்கின்றனர். அது வளர்ந்து நிழல் தரத் தொடங்கிய பின்னரே வெற்றிலைக் கொடியை நடுகின்றனர். கொடி ஏற ஏற, அதனை அகத்தியோடு சேர்த்து நாரினால் கட்டுகின்றனர். அகத்தியின் தழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனமாகின்றது. தழையை ஒடிப்பதால் நிழலும் அளவோடு நிற்கின்றது.

உள்ளே நுழைந்தால் வெளியில் அடிக்கும் வெயில் தெரியவில்லை. காலடியில் வாய்க்கால் நீர் சிலுசிலுக்கின்றது. "கொடிக்கு ஈரம் எப்போதும் இருக்கணும், ஆனா தண்ணி தேங்கினா வேர் அழுகிப்போகும்ங்க" என்றார் கொடிக்கால் உரிமையாளரான பெரியவர். மேலும், கொடி உச்சிக்கு ஏறியபின் அதனை இறக்கி, சுருட்டி, மண்ணில் பதித்து, மீண்டும் ஏற்றிவிடவேண்டிய வேலை ஆண்டுதோறும் உண்டு என்பதையும் விளக்கினார். கொடிக்கால் வைத்தவன் வெளியூர் சென்று தங்க இயலாது என்று அவர் சொன்னபோது, அக்குரலில் சலிப்பைவிடப் பெருமிதமே மிகுந்திருந்தது.

ஆக, நிழலில் வளரும் பயிர் எல்லாம் உழைப்புக் குறைந்த பயிர் ஆகிவிடாது. நிழலுக்கு ஏற்றதா என்று கேட்பதோடு, எவ்வளவு நீரும் எவ்வளவு கைவேலையும் கேட்கும் என்றும் கேட்டறிதல் வேண்டும். இது மூன்றாம் பாடம். இம்மூன்று பாடங்களோடு சேலத்திற்குத் திரும்பினோம்.

மல்கோவா மரத்தடியில்

சேலத்தில் நம் உறவினர் வீடு ஒன்று உண்டு. பெரியப்பாவுக்கு 78 வயது, பெரியம்மாவுக்கு 72. மக்கள் வெளிநாட்டில் இருக்கின்றனர். வீட்டின் பின்புறம் பெரியப்பாவின் தந்தையார் வைத்த மல்கோவா மாமரம் நிற்கின்றது. மாமரம் ஆண்டு முழுவதும் இலை தாங்கும் மரம் ஆதலின் அதன் நிழலும் அடர்ந்தது. வீட்டு மாதா சுரூபத்திற்கு நாள்தோறும் தம் கையால் பறித்த பூவை வைக்கவேண்டும் என்பது பெரியம்மாவின் நெடுநாள் ஆசை. மும்முறை ரோஜா வைத்தார், மும்முறையும் வீணாயிற்று. குழாயில் தண்ணீர் நாள்தோறும் வருவதில்லை. பெரியப்பாவுக்கு முழங்கால் வலி. குடத்தைத் தூக்க முடியாது. இறுதியில் மர வியாபாரி ஒருவரை அழைத்து விலையும் பேசிவிட்டார்கள். நாம் சென்றபோது இன்னும் நான்கு நாளில் ஆள் வருவதாக இருந்தது.

"அப்பா வைத்த மரம். எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இவளுக்கு ஒரு பூச்செடிகூட வைத்துத் தர முடியவில்லையே" என்று பெரியப்பா தழுதழுத்தார். பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்கு நாள் இருக்கின்றதல்லவா? முதலில் இன்று ஒரு நாள் வெயிலைக் கவனிப்போம்" என்றோம். காலை 8 மணிக்கும், உச்சிப் பொழுதிலும், மாலை 4 மணிக்கும் வெயில் எங்கே விழுகின்றது என்று கொல்லையைச் சுற்றிவந்து, சுண்ணாம்பினால் தரையில் கோடு போட்டோம். எல்லா இடமும் ஒரே நிழல் அன்று என்பது அப்போது தெரிந்தது. கிழக்கு ஓரத்தில் காலையில் இரண்டு மணி நேரம் வெயில் படுகின்றது. அடிமரத்தைச் சுற்றி நாள் முழுவதும் நிழல், மண்ணும் வறண்டிருக்கின்றது. துணி துவைக்கும் கல்லுக்கு அப்பால், பாத்திரம் அலசும் குழாயடியில், நிழலும் உண்டு, ஈரமும் உண்டு.

வடக்குப் பக்கத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். நம் நாட்டில் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்து செல்வதில்லை. சேலத்தில் ஏப்ரல் மூன்றாம் வாரம் வாக்கில் அது தலைக்கு நேர் மேலே வந்து, பின்னர் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சி வேளையில் சற்று வடக்கே நிற்கின்றது. எனவே மார்கழியில் நிழலாக இருக்கும் வடக்குச் சுவரோரம் ஆனியில் வெயில் வாங்கும். மார்கழியில் பார்த்து நட்ட மென்மையான செடி ஆனியில் கருகுவதற்குக் காரணம் இதுவே.

எந்த நிழலுக்கு எந்தச் செடி?

அன்று நாம் அவ்வீட்டுக்கு வகுத்துக் கொடுத்த திட்டம் மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்று எண்ணி இங்கே தருகின்றோம்.

முதலாவது, காலை வெயில் சற்றே படும் இடம். இதற்குக் கனகாம்பரமே தலைசிறந்தது. நம் தென்னாட்டுக்கே உரிய செடி அது. மணம் இல்லை என்பது உண்மையே. ஆனால் வெயில் வடிகட்டி விழும் இடத்திலும் பூக்கும், பறித்த பூ எளிதில் வாடாது, ஆண்டில் பல மாதங்கள் பூ தரும். வாடிய பூங்கதிர்களைக் கிள்ளிவிட்டால் புதிய கதிர்கள் வரும். நீர் தேங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதே இடத்தில் கற்பூரவல்லியையும் வைக்கலாம். ஒரு கிளையை ஒடித்து நட்டால் போதும். இருமலுக்கும் சளிக்கும் வீட்டிலேயே இலை கிடைக்கும். மஞ்சளையும் இங்கே ஓரிரு வரிசை ஊன்றலாம். ஆனி, ஆடியில் ஊன்றினால் தைப்பொங்கல் பானையில் கட்டக் கொத்து கிடைக்கும். முழு வெயிலில் விளையும் அளவு கிழங்கு கிடைக்காவிடினும் வீட்டுத் தேவைக்குக் குறைவில்லை.

இரண்டாவது, மரத்தடியின் வறண்ட நிழல். இதுவே யாவரையும் சோர்வடையச் செய்யும் இடம். இங்கே மருள் என்னும் செடியை நடுங்கள். நம் நாட்டு வறண்ட காடுகளில் தானே வளர்வது. முற்காலத்தில் இதன் நாரை முறுக்கி வில்லுக்கு நாண் செய்தனர். நாற்றுப்பண்ணைகளில் மஞ்சள் விளிம்போடு விற்கப்படும் இதன் உறவுச் செடி மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அதுவும் இங்கே நன்கு வளரும். இரண்டுமே தடித்த இலையில் நீரைச் சேமித்து வைப்பவை. பல நாள் நீரின்றியும் நிற்கும். மிகுந்த நீர்தான் அவற்றுக்குப் பகை. வேலியோரமாக ஆடாதோடையை வைக்கலாம். ஆடு தொடாத இலை என்பதால் அப்பெயர் வந்ததாகக் கூறுவர்; எனவே வேலி கட்டிக் காக்கும் வேலையும் இல்லை. பிரண்டையைச் சுவரோரம் ஊன்றிவிட்டால் தானே ஏறிக்கொள்ளும், துவையலுக்கும் ஆகும்.

மூன்றாவது, குழாயடியின் ஈர நிழல். இங்கே வெற்றிலைக் கொடி ஒன்று போதும். கொடிக்கால் கேட்கும் உழைப்பு ஒற்றைக் கொடிக்கு இல்லை. வல்லாரை தரையில் படரும். திப்பிலியும் வளரும். சேம்பின் அகன்ற இலை அழகுக்கு அழகு. ஆனால் உண்ணும் கீரையை, சோப்பு நீரும் சாக்கடை நீரும் ஓடும் இடத்தில் வளர்க்கலாகாது. அரிசி கழுவிய நீர், காய்கறி அலசிய நீர் ஆகியவை அங்கே செல்லுமாறு ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிட்டால், குடம் சுமக்கும் வேலை பெரிதும் குறையும்.

நடும்போது கவனிக்கவேண்டியவை

மரத்தடியில் ஆழமாகக் கொத்தக் கூடாது. மரத்திற்கு உணவூட்டும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணிலேயே பரவியிருக்கின்றன. வேர்களுக்கு இடையே சிறு குழி எடுத்து இளஞ்செடியாக நடுவது நல்லது. மண்ணைக் கொண்டுவந்து அடிமரத்தைச் சுற்றி மேடாகக் குவிப்பதும் தவறு. பட்டை அழுகி மரமே பட்டுப்போக நேரும்.

உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரிக்க வேண்டாம். செடிகளின் அடியில் பரப்பிவிட்டால் நீர் ஊற்றும் வேலை குறையும். பாம்பு, தேள் வருமே என்று அஞ்சுவோர், வீட்டுச் சுவரையும் நடைபாதையையும் ஒட்டி மூன்று, நான்கு அடி அகலத்திற்குத் தரையைத் துப்புரவாக வைத்துக்கொண்டு, அதற்கப்பால் மெல்லிய பரப்பாக இலையைப் போடலாம்.

நிழலில் மண் விரைவில் காய்வதில்லை. ஆகவே விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் நீர் விடுங்கள். தொட்டிகளின் கீழே தட்டு வைத்திருந்தால் அதில் தேங்கும் நீரை வாரந்தோறும் தவறாமல் கொட்டிக் கழுவ வேண்டும். டெங்குவைப் பரப்பும் கொசு அத்தகைய நீரில்தான் முட்டையிடுகின்றது.

மணி பிளாண்ட், டிஃபன்பேக்கியா போன்ற அழகுச் செடிகள் நிழலில் எளிதில் வளர்பவை. எனினும் அவற்றின் இலையையோ தண்டையோ குழந்தைகள் கடித்துவிட்டால் வாயும் நாவும் வீங்கி எரியும். சேம்பும் பச்சையாகக் கடித்தால் அவ்வாறே செய்யும். தவழும் குழந்தைகள் உள்ள இல்லங்களில் இவற்றைக் கைக்கு எட்டாமல் வைப்பதே அறிவுடைமை.

வேலையே இல்லாத செடி என்று ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்தச் செடியானாலும் வேர் பிடிக்கும்வரை, முதற் சில மாதங்கள், பிள்ளையைப் போல் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். அதன் பின்னரே அது நம்மை விட்டு நிற்கும். மழை தொடங்கும் பருவத்தில் நட்டால் அந்தச் சுமையின் பாதியை வானம் ஏற்றுக்கொள்ளும்.

பெரியப்பா வீட்டிற்கு மர வியாபாரி வந்தார். வெட்டுவதற்கு மாறாக, கனி பறித்து முடிந்தபின், கிழக்குப் பக்கமாகத் தாழ்ந்து தொங்கிய நான்கு கிளைகளை மட்டும் கழித்துத் தருமாறு பெரியப்பா கேட்டுக்கொண்டார். அவரும் கூலி பெற்றுக்கொண்டு செய்து கொடுத்தார். இது நடந்து இரண்டு ஆடி கழிந்துவிட்டது. கிழக்கு ஓரத்தில் 12 கனகாம்பரச் செடிகள் இருக்கின்றன. பெரியம்மா காலையில் ஒரு சிறு தட்டுடன் சென்று பூப் பறிக்கின்றார். வாரம் இரு முறை குழாய் நீரைத் திருப்பிவிடுவது தவிரப் பெரியப்பாவுக்கு வேறு வேலை இல்லை. சென்ற கோடையில் மல்கோவாவும் வழக்கம்போல் காய்த்தது.

மரம் வெட்டும் ஆளுக்குச் சொல்லியனுப்ப எண்ணியிருக்கும் குடும்பங்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. ஒரு மரம் அந்த உயரத்திற்கு வளர இரண்டு தலைமுறை ஆகின்றது. வீழ்த்த அரை நாள் போதும். அந்த முடிவுக்கு வருமுன் ஒரே ஒரு நாள், காலை, உச்சி, மாலை என மும்முறை உங்கள் கொல்லையைச் சுற்றி வாருங்கள். எங்கே எத்தனை மணி நேரம் வெயில் விழுகின்றது, எங்கே மண் ஈரமாக இருக்கின்றது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வரும் ஆடியில், அந்தந்த இடத்திற்கு உரிய செடி ஒவ்வொன்றாக நட்டுப் பாருங்கள்.